தண்டுவடக் காயம்: தொற்று விஷயத்தில் வீட்டில் நடக்கும் தவறுகள்

தண்டுவடத்தில் அடிபட்டவர் இருக்கும் வீட்டில் முதல் சில மாதங்கள் எல்லார் கண்ணும் கால் விரல் மேலேயே இருக்கும். இன்றைக்கு அசைந்ததா? சளியும் யூரின் தொற்றும் ‘அது வேற பிரச்சினை’ என்று ஓரங்கட்டப்படும். முதல் தவறே இதுதான். அமெரிக்க நோயாளிகளின் தரவுகளை வைத்து 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிபட்ட தொடக்க நாட்களில் நிமோனியாவோ அறுவைப் புண்ணில் சீழோ வந்தவர்களுக்குத் தசை பலம் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் திரும்பியிருந்தது. தண்டுவடம் அடிபட்டால் நோய் எதிர்ப்பும் தளர்ந்துவிடுகிறது என்பதால் தொற்று எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து யூரின். கலங்கலாக வந்தால், வாடை அடித்தால், உடனே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்குகிறார்கள். கதீட்டர் (யூரினை வெளியே எடுக்கச் செருகும் குழாய்) போடுபவரின் யூரினில் கிருமி இருப்பது சகஜம். கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் டெஸ்ட்) தெரிந்தாலும், உடம்பில் தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் மருந்து வேண்டாம். சும்மா சாப்பிட்டுப் பழக்கினால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் அந்த மருந்து கேட்காது. இதற்கு நேர்மாறான தவறு, எரிச்சல் வரட்டும் என்று காத்திருப்பது. உணர்ச்சியே இல்லாத இடத்தில் எரிச்சல் எப்படித் தெரியும்? குளிர்க்காய்ச்சல், கால் வெட்டி இழுப்பது திடீரென அதிகமாவது, கதீட்டர் போடும் இடைவெளியில் ஒழுகுவது, காரணமில்லாத அசதி: இவைதான் அடையாளம். முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

கல்யாணம், பஸ் பயணம் என்று கதீட்டர் போடுவதைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. நாளுக்கு 4 முதல் 6 தடவை, ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் தேங்காமல் எடுப்பது வழக்கம்.

கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வேர்வை என்றால், மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். இது பிபி எகிறுவதன் அடையாளம்; படுத்தால் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, இடுப்பில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்தி, எப்போதும் பையோடு கதீட்டர் மாட்டியிருப்பவர் என்றால், குழாயை நுனி முதல் பை வரை கையால் தடவிப் பாருங்கள். சில நேரம் தொடைக்கடியில் குழாய் மடிந்து கிடக்கும். நேராக்கினால் பை மளமளவென்று நிறையும், தலைவலியும் இறங்கும். இறங்காவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான். யூரின் தொற்றும் மலச்சிக்கலும்கூட இதைக் கிளப்பும். இவர்களுக்கு வழக்கமான பிபியே (மேல் எண்) பெரும்பாலும் 90, 100 என்றுதான் இருக்கும்; 140-ஐப் பார்த்து ‘நார்மல்தானே’ என்று யாராவது சொன்னால் விடாமல் வாதாடுங்கள்.

கழுத்துக் காயத்தில் இருமத் தெம்பு இருக்காது. சளி வெளியே வரவில்லை என்பதால் சளியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வயிற்றில் கை வைத்து, இருமும்போது உள்ளும் மேலுமாகத் தள்ளிவிடும் முறையை டிஸ்சார்ஜுக்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

படுக்கைப்புண்ணுக்கு நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வளையம் வாங்குவது வீண் செலவு மட்டுமல்ல, கெடுதல். சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போகவிடாது. சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்தக் கூடாது. நம் தோல் நிறத்தில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலும் போகும். குளிப்பாட்டும்போது வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு மூன்றிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், அது ஆறும்வரை அந்தப் பக்கம் பாரம் படக் கூடாது.