பாடசாலைச் சேவையகம் உள்ளே விட மறுத்தால்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் தொலைபேசிச் சமிக்ஞை மலையின் மறுபுறத்திலேயே நின்றுவிடுகிறது. அதனால், கடந்தகால வினாத்தாள்களையும் பயிற்சிகளையும் ஒரு கணினியில் எக்ஸாம்ப் (கணினியைச் சேவையகமாக்கும் மென்பொருள் தொகுப்பு) நிறுவி, அதன்மேல் மூடிலை (பாடங்களையும் பயிற்சிகளையும் வழங்கும் மென்பொருள்) இயக்கி, ரவுட்டர் வழியாக மாணவருக்குக் கொடுப்பது மிகப் பயனுள்ள ஏற்பாடாகும். அப்படிப்பட்ட சேவையகம் ஒருநாள் காலை யாரையும் உள்ளே விடாதபோது, பலரும் முதற்காரியமாகக் கடவுச்சொல்லை மாற்ற முற்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் பிழை பெரும்பாலும் வேறிடத்தில் இருந்திருக்கிறது.

முதலில் விசைப்பலகையைப் பாருங்கள். முந்தைய நாள் தமிழில் அறிவித்தல் தட்டச்சு செய்தவர் மொழியை மாற்றாமல் எழுந்து போயிருந்தால், கடவுச்சொல் கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் தவறு கண்ணுக்குப் புலப்படாது. நோட்பேடில் ஒருமுறை அடித்துப் பார்த்தால் விளங்கிவிடும். உலாவி தானாக நிரப்பும் பழைய கடவுச்சொல்லையும் அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

அடுத்ததாக, திரையில் வரும் செய்தியை முழுமையாக வாசிக்க வேண்டும். 2002 என்ற எண் வந்தால், கணக்குகளும் புள்ளிகளும் சேமிக்கப்படும் தரவுத்தளம் இயங்கவே இல்லை, அல்லது அதன் வழக்கமான 3306ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயில்) அது கிடைக்கவில்லை என்று பொருள். 1045 வந்தால் தரவுத்தளம் இயங்குகிறது, ஆனால் கொடுத்த பெயரையோ கடவுச்சொல்லையோ ஏற்கவில்லை. இங்கே இரண்டு வெவ்வேறு கணக்குகள் இருப்பதை மறக்கக் கூடாது: ஆசிரியர் மூடிலுக்குள் நுழையும் கணக்கு ஒன்று, மூடில் தரவுத்தளத்திற்குள் நுழையும் கணக்கு இன்னொன்று. எக்ஸாம்பில் தரவுத்தளத்தின் முதன்மை நிர்வாகக் கணக்கான ரூட் தொடக்கத்தில் கடவுச்சொல் இன்றியே வருகிறது. பாதுகாப்புக்காக அதற்கு ஒன்றை இட்டவர், அதையே பிஎச்பிமைஅட்மினின் (தரவுத்தளத்தை உலாவியில் நிர்வகிக்கும் கருவி) கொன்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பிலும், மூடில் அந்த ரூட் கணக்கையே பயன்படுத்தினால் மூடிலின் கொன்ஃபிக் கோப்பிலும் எழுதாவிட்டால், இரண்டும் அன்றே நின்றுவிடும்.

நம் பகுதியில் அதிகம் கவனிக்க வேண்டியது மின்தடை. எக்ஸாம்பின் பொத்தானில் மைஎஸ்கியூஎல் என்று இருந்தாலும் உள்ளே இருப்பது மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருள். யார் நுழையலாம் என்பதைக் குறித்துவைக்கும் அதன் அனுமதி அட்டவணைகள் ஆரியா என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. இடிமழையில் மின்சாரம் திடீரென நின்றால் அந்த அட்டவணைகள் பழுதடையக்கூடும், அப்போது சேவை தொடங்கிய உடனே நின்றுவிடும். டேட்டா கோப்புறையிலுள்ள பிழைப்பதிவில் அனுமதி அட்டவணையைத் திறக்க முடியவில்லை என்ற வரி இருந்தால், சேவையை நிறுத்தி, அந்தக் கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் பிரதி எடுத்த பின்னரே, ஆரியா செக் என்ற கருவியால் பழுதுபார்க்க வேண்டும். எக்ஸாம்புடன் வரும் பெக்கப் கோப்புறையை அப்படியே மேலே ஒட்டும்படி சொல்லும் ஆலோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். அதில் இருப்பது நிறுவிய நாளின் வெற்று நிலை மட்டுமே, உங்கள் மாணவரின் புள்ளிகள் அதில் இல்லை. சிறிய யூபிஎஸ் ஒன்றுக்கு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

தரவுத்தளம் சரியாக இயங்கியும் மாணவரின் கைபேசிகளில் மூடில் திறக்காவிட்டால், ரவுட்டர் சேவையகத்திற்குப் புதிய ஐபி முகவரி கொடுத்திருக்கலாம். மூடிலின் கொன்ஃபிக் கோப்பில் தளத்தின் முகவரி எழுதப்பட்டிருப்பதால், அது எல்லோரையும் பழைய முகவரிக்கே திருப்பி அனுப்பும். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான முகவரி ஒதுக்கி, கோப்பிலும் அதையே எழுதுங்கள். வன்தட்டு நிரம்பியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடவுச்சொல் உண்மையிலேயே மறந்துபோயிருந்தால், மூடில் நிர்வாகிக்கு அதன் கட்டளைக் கோப்புறையில் கடவுச்சொல் மீட்பு நிரல் தயாராக இருக்கிறது. ரூட் கணக்குக்கு, அனுமதிச் சோதனையைத் தவிர்க்கும் வரியைத் தரவுத்தளத்தின் அமைப்புக் கோப்பில் சேர்த்துச் சேவையைத் தொடங்கி, அனுமதிகளை மீள ஏற்றும் கட்டளையை முதலில் கொடுத்து, பிறகே புதிய கடவுச்சொல்லை இட வேண்டும். அந்த வரி இருக்கும்வரை எவரும் கடவுச்சொல் இன்றி நுழையலாம் என்பதால், ரவுட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டே இதைச் செய்து, முடிந்ததும் வரியை நீக்கிச் சேவையை மீண்டும் தொடங்குங்கள்.

பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுவதுண்டு. இரண்டாவது நிர்வாகக் கணக்கொன்றை உருவாக்கி, அதன் விபரத்தை முத்திரையிட்ட உறையில் அதிபரின் அலுமாரியில் வைத்துவிடுங்கள்.