கோபா அமெரிக்கா தொடரைப் பின்தொடர்வது எப்படி

தென் அமெரிக்காவின் தேசியக் கால்பந்து அணிகள் மோதும் கோபா அமெரிக்கா தொடரை முதன்முறையாக முழுமையாகப் பார்க்க விரும்புவோரில் பலர், அர்ஜென்டினாவும் பிரேசிலும் ஆடும் நாட்களை மட்டும் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்ப்பவர்களுக்கு நல்ல கோல்கள் சில கிடைக்கும். தொடர் ஏன் அவ்வாறு முடிந்தது என்பது மட்டும் பிடிபடாது. கோப்பையை வெல்லும் அணிகூட மொத்தம் 6 அல்லது 7 ஆட்டங்களே ஆடும் இத்தொடரில், ஒரு சமனோ ஒரு மஞ்சள் அட்டையோ கணக்கை மாற்றிவிடுகிறது. ஆகவே முதலில் தொடரின் அமைப்பையும், பிறகு புள்ளிப் பட்டியலையும், அதன்பின் ஆட்டத்தையும் கவனிக்கும் வரிசையே பயனுள்ளது.

தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான கான்மெபோலில் அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே, பராகுவே, சிலி, பெரு, பொலிவியா, கொலம்பியா, ஈக்வடார், வெனிசுவேலா ஆகிய 10 நாடுகள் உறுப்பினர்களாக உள்ளன. அதே கண்டத்தில் இருந்தாலும் கயானாவும் சுரினாமும் வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கூட்டமைப்பான கான்ககாஃபைச் சேர்ந்தவை என்பதால் அவற்றை இங்கே தேட வேண்டாம். 1993ஆம் ஆண்டு முதல் விருந்தினர் அணிகளை அழைக்கும் வழக்கமும் உண்டு. மெக்சிகோவும் அமெரிக்காவும் அடிக்கடி வந்துள்ளன, ஜப்பானும் கத்தாரும்கூட 2019இல் ஆடின. எனவே ஒவ்வொரு முறையும் எத்தனை அணிகள், எத்தனை குழுக்கள் என்பதைப் போட்டி விதிகளில் புதிதாகப் பார்த்துக்கொள்வது நல்லது. 2021இல் 10 அணிகள் ஐந்தைந்தாகப் பிரிந்து ஆடி, அவற்றில் 8 அணிகள் காலிறுதிக்குச் சென்றன. அதாவது முதல் சுற்று முழுவதும் இரண்டே அணிகளைத்தான் வெளியேற்றியது. அத்தகைய அமைப்பில் தொடக்க ஆட்டங்கள் மந்தமாக இருப்பதில் வியப்பில்லை. அமெரிக்காவில் நடந்த 2024 தொடரிலோ 16 அணிகள் நான்கு குழுக்களாகப் பிரிந்தன. குழுவுக்கு முதல் இரண்டு அணிகள் மட்டுமே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றன.

அமைப்பு தெரிந்தபின் ஒரு தாளில் குழுக்களை எழுதி, ஒவ்வோர் அணிக்கும் புள்ளிகள், அடித்த கோல்கள், வாங்கிய கோல்கள், மஞ்சள் அட்டை பெற்ற வீரர்கள் என நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியிலேயே பட்டியல் கிடைக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். ஆனால் தானே எழுதுகிறவருக்குத்தான் மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பு யாருக்கு என்ன தேவை என்பது கண்ணில் படும். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1 புள்ளி. புள்ளிகள் சமமானால் 2024 விதிப்படி முதலில் கோல் வித்தியாசமும் (அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது), அடுத்து அடித்த கோல்களின் எண்ணிக்கையும், அதன் பின்னரே அவ்விரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவும் பார்க்கப்பட்டன. ஐரோப்பிய யூரோ தொடரில் நேருக்கு நேர் முடிவுக்கே முதலிடம் என்பதால், அதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு.

இந்த விதியின் வலுவை 2024இன் பி குழுவில் காணலாம். கடைசிச் சுற்றுக்கு வந்தபோது ஈக்வடாரும் மெக்சிகோவும் தலா 3 புள்ளிகளுடன் இருந்தன. ஆனால் ஜமைக்காவை 3-1 என்று வென்றிருந்த ஈக்வடாருக்குக் கோல் வித்தியாசத்தில் ஒன்று கூடுதலாக இருந்தது. அதே ஜமைக்காவை மெக்சிகோ 1-0 என்றுதான் வென்றிருந்தது. ஆகவே இரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் ஈக்வடாருக்குச் சமன் போதும், மெக்சிகோவுக்கு வெற்றி கட்டாயம். இதை அறிந்து பார்த்தவருக்கு ஈக்வடாரின் பின்வாங்கிய தற்காப்பு ஒரு கணக்காகத் தெரிந்திருக்கும். அறியாதவருக்கு அது கோலே இல்லாத சலிப்பான ஆட்டம். 0-0 என்று முடிந்து, மெக்சிகோ வெளியேறியது.

டி குழுவில் நடந்தது இன்னும் விரிவான பாடம். கடைசிச் சுற்றுக்கு முன் கொலம்பியாவுக்கு 6 புள்ளிகள், கோஸ்டாரிகாவுடன் கோலின்றிச் சமன் செய்திருந்த பிரேசிலுக்கு 4 புள்ளிகள். இரண்டும் மோதிய ஆட்டம் 1-1 என முடிந்ததால் கொலம்பியா முதலிடத்தையும் பிரேசில் இரண்டாமிடத்தையும் பெற்றன. இரண்டு அணிகளுமே காலிறுதிக்குச் சென்றுவிட்டனவே, இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்டால், எதிரே காத்திருந்த அணிகளைப் பார்க்க வேண்டும். சி குழுவில் மூன்று ஆட்டங்களையும் வென்ற உருகுவே முதலிடத்திலும் பனாமா இரண்டாமிடத்திலும் இருந்தன. முதலிடம் பெற்ற கொலம்பியாவுக்குப் பனாமா கிடைத்தது, 5-0 என வென்றது. பிரேசிலுக்கு உருகுவே வாய்த்தது. அது போதாதென்று, முந்தைய ஆட்டத்திலேயே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்த பிரேசில் முன்கள வீரர் வினிசியஸ் ஜூனியர் கொலம்பிய ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே இரண்டாவதைப் பெற்றதால், உருகுவேக்கு எதிராக ஆட முடியாமல் போனது. தாளில் நான்காவது பத்தி எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. முதல் ஆட்டத்தில் கோஸ்டாரிகாவிடம் விட்ட 2 புள்ளிகளின் விலையைப் பிரேசில் காலிறுதியில்தான் செலுத்தியது.

தோற்ற அணி வெளியேறும் நாக் அவுட் சுற்றுக்கு வரும்போது ஒரு விதியை மறவாமல் இருங்கள். 2024இல் இறுதிப் போட்டியைத் தவிர மற்ற நாக் அவுட் ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரம் கிடையாது. 90 நிமிடங்கள் முடிந்து சமனாக இருந்தால் நேரடியாகப் பெனால்டி ஷூட் அவுட், அதாவது இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி உதைத்து வெற்றியாளரை முடிவு செய்யும் முறை. அந்த ஆண்டின் நான்கு காலிறுதிகளில் மூன்று அப்படித்தான் முடிவாயின. ஆகவே 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு கண்ணைப் பந்திலிருந்து சற்று விலக்கி, பயிற்சியாளர் யாரை மாற்றுகிறார் என்று பாருங்கள்: வலுக்குறைந்த அணி முன்கள வீரரை எடுத்துவிட்டுத் தற்காப்பு வீரரை இறக்கினால், அது ஷூட் அவுட்டை நாடுகிறது என்று கொள்ளலாம். முதன்முறையாகக் கலந்துகொண்ட கனடா, குழுச் சுற்றில் ஒரே ஒரு கோல் அடித்து, காலிறுதியில் வெனிசுவேலாவைப் பெனால்டியில் வென்று அரையிறுதிவரை சென்றது. 2011இல் பராகுவே ஒரு ஆட்டத்தைக்கூட ஆட்ட நேரத்தில் வெல்லாமல், ஐந்து சமன்களுடனும் இரண்டு ஷூட் அவுட் வெற்றிகளுடனும் இறுதிப் போட்டியை எட்டியது. அங்கே உருகுவேயிடம் 0-3 என்று தோற்றது வேறு கதை. இதை அழகற்ற வழி என்று குறை சொல்வோர் உண்டு. விதி அனுமதிக்கும் வழியைத் திறமையாகப் பயன்படுத்துவதும் ஆட்டமே என்பது என் கருத்து.

இனி ஆட்டத்தைப் பார்க்கும் முறை. ஐரோப்பியக் கழக ஆட்டங்களின் வேகத்தை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இடைமறிப்புகளும் ஃபவுல்களும் இத்தொடரின் இயல்பு. மேற்சொன்ன பிரேசில், உருகுவே காலிறுதியில் 40க்கும் மேற்பட்ட ஃபவுல்கள் நிகழ்ந்தன; உருகுவேயின் நாண்டெஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பிறகும் பிரேசிலால் கோல் அடிக்க முடியாமல், ஷூட் அவுட்டில் 2-4 என்று தோற்றது. அத்தகைய ஆட்டங்களில் ஃபவுல் எங்கே நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். நடுக்களத்தில், எதிரணி வேகமெடுக்கும் தருணத்தில் நடந்தால் அது திட்டமிட்டது. தன் பெனால்டிப் பகுதிக்கு அருகில் நடந்தால் அணி திணறுகிறது. 2024இல் ஆடுகளத்தின் அளவும் ஒரு காரணி: 105க்கு 68 மீட்டர் என்ற வழக்கமான அளவுக்குப் பதிலாக 100க்கு 64 மீட்டர் பயன்படுத்தப்பட்டதால், விளிம்பில் ஓடும் வீரர்களுக்கு இடம் குறைந்தது. நேர ஒழுங்கில் கான்மெபோல் காட்டும் கண்டிப்பும் வேடிக்கையானது. இடைவேளைக்குப் பின் அணியைத் தாமதமாகக் களத்துக்குக் கொண்டுவந்ததற்காக அர்ஜென்டினாவின் ஸ்கலோனி, உருகுவேயின் பியெல்சா போன்ற பெரும் பயிற்சியாளர்களே ஓர் ஆட்டம் பக்கக்கோட்டில் நிற்கத் தடை பெற்றார்கள்.

வரலாற்றை முழுதாகப் படிக்கத் தேவையில்லை. சில செய்திகள் கையில் இருந்தால் போதும். 1916இல் புவெனஸ் அயர்ஸில் நான்கு அணிகளுடன் தொடங்கிய முதல் தொடரை உருகுவே வென்றது. 2024 முடிய அர்ஜென்டினா 16 முறையும் உருகுவே 15 முறையும் பிரேசில் 9 முறையும் வென்றுள்ளன. ஆகவே உருகுவேயைச் சிறிய நாடு என்று எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. ஈக்வடாரும் வெனிசுவேலாவும் இன்னும் ஒருமுறைகூட வெல்லவில்லை. பொலிவியா தன் ஒரே கோப்பையை 1963இல் சொந்த மண்ணில் வென்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள லா பாஸில் விருந்தினர் மூச்சுவாங்குவார்கள் என்பதால், போட்டி எங்கே நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய ஆட்டங்களில் ஒன்றையாவது பார்க்க நேரமிருந்தால் 2004 லிமா இறுதியைத் தேர்ந்தெடுங்கள்: அர்ஜென்டினா 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது காயங்களுக்கான கூடுதல் நிமிடங்களில் பிரேசிலின் அட்ரியானோ சமன் செய்தார், பிரேசில் பெனால்டியில் கோப்பையை எடுத்துச் சென்றது.

எல்லா ஆட்டங்களையும் பார்க்க இயலாதவர்கள் குழுச் சுற்றின் முதல் ஆட்டங்களைச் சுருக்கத் தொகுப்புகளாகப் பார்த்துவிட்டு, மூன்றாவது சுற்றை முழுமையாகப் பாருங்கள். ஒரே குழுவின் இரண்டு கடைசி ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடப்பதால், ஒன்றைத் திரையிலும் மற்றதன் கோல் நிலவரத்தைக் கைபேசியிலும் வைத்துக்கொண்டு, கோல் விழும்போதெல்லாம் தாளில் உள்ள பட்டியலைத் திருத்துங்கள். அதன்பின் நான்கு காலிறுதிகளையும் விடாதீர்கள். நேரமின்மையால் ஏதேனும் ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டுமென்றால் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தைக் கைவிடலாம்.