சீனச் சம்பந்தி வீட்டுப் புத்தாண்டுக்குப் போகிறீர்களா?

மகள் சிங்கப்பூரில் சீனக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர்களுடைய புத்தாண்டுக்கு நானும் இவரும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து இரண்டு தடவை போய்வந்துவிட்டோம். அதனால் ஊரில் யாருக்காவது சீனச் சம்பந்தம் வாய்த்தால் என்னிடம்தான் விசாரிக்கிறார்கள்.

முதலில் உடுப்பு. முதல் தடவை இவர் நல்லூர்க் கோயிலுக்குப் போகிறவர்போல வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு அறையிலிருந்து வந்தார். மகள் பதறிவிட்டாள். அங்கே வெள்ளை செத்தவீட்டு நிறம். மருமகன் தன் சிவப்புச் சட்டையைக் கொடுத்தார். தெறி பூட்டிய பிறகு இவர் நாள் முழுவதும் வயிற்றை எக்கிக்கொண்டே இருந்தார். கறுப்பும் வேண்டாம். பெண்களுக்குக் கவலையில்லை, கூறைச்சேலைச் சிவப்பில் ஒன்று போதும்.

சித்திரை வருடப்பிறப்புபோல அது ஒரே திகதியில் வராது. சந்திரனை வைத்துக் கணக்கிடுவதால் ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் மாறிக்கொண்டே இருக்கும். 2027இல் பெப்ரவரி 6. முந்தின இரவு குடும்பம் முழுவதும் கூடிச் சாப்பிடுவதுதான் அவர்களுக்குப் பெரிது. அதற்குள் போய்ச்சேரும்படி டிக்கெட் எடுங்கள்.

அந்தச் சாப்பாட்டில் மீனை முழுதாக வைப்பார்கள். சீனத்தில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஒலி, ‘யூ’. வருடா வருடம் கையில் மிச்சம் இருக்கவேண்டும் என்று மீனில் கொஞ்சம் விட்டுவைக்கிறார்கள். இவரோ மீன் தலையைச் சூப்பாமல் எழும்பாதவர். மேசைக்குக் கீழே காலால் இரண்டு தட்டுத் தட்டினேன். சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் நட்டுவைத்துவிடாதீர்கள். இறந்தவருக்கு ஊதுபத்தி கொளுத்தி வைத்ததுபோல் இருக்கும்.

முதல் நாள் வீடு கூட்டக்கூடாது, வந்த அதிர்ஷ்டம் குப்பையோடு போய்விடுமாம். விடியவே எழும்பி முற்றம் கூட்டிப் பழகிய கை எனக்கு. மகள் முன்யோசனையாகத் தும்புத்தடியை ஒளித்துவைத்திருந்தாள்.

சம்பந்தி வீட்டு வாசலில் வெறுங்கையோடு நிற்காதீர்கள். இரண்டு மன்டரின் தோடம்பழங்களை இரண்டு கையாலும் பெரியவரிடம் நீட்டி, ‘கொங் சீ ஃபா சாய்’ என்று சொல்லவேண்டும். செல்வம் பெருகட்டும் என்று அர்த்தம். கன்டோனிய மொழி பேசுகிறவர்கள் வீடென்றால் ‘கொங் ஹேய் ஃபாட் சோய்’. வயதானவர்களுக்கு ‘ஷென் தி ஜியென் காங்’, தேகசுகம் கிடைக்கட்டும் என்று சேர்த்துச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். உச்சரிப்புப் பிழைத்தால் சிரிப்பார்கள், நீங்களும் சேர்ந்து சிரியுங்கள்.

இனி ‘அங் பாவ்’, சிவப்பு உறையில் வைத்துக் கொடுக்கும் பணம். நம்முடைய கைவிசேடம்தான், வெற்றிலைக்குப் பதில் உறை. கலியாணம் முடித்தவர்கள் பிள்ளைகளுக்கும், முடிக்காதவர்களுக்கும் கொடுப்பார்கள். இங்கேதான் நான் வழுக்கினேன். நமக்கு 101 என்று ஒற்றையாக முடிந்தால்தான் மங்களம். அந்த நினைப்பில் ஒவ்வோர் உறையிலும் 11 டொலர் வைத்து ஒட்டிவிட்டேன். அவர்களுக்கு இரட்டைப்படைதான் நல்லது. அதிலும் நாலு ஆகாது, சாவு என்ற சொல்லைப்போல ஒலிக்கும். எட்டு என்றால் கொண்டாட்டம். மகள் நடுச்சாமம்வரை இருந்து உறைகளைக் கிழித்து ஒவ்வொரு டொலராக எடுத்துப் புது உறையில் போட்டாள். நோட்டும் புதிதாக இருக்கட்டும். உங்களுக்கு யாராவது தந்தால் இரு கையாலும் வாங்கிப் பையில் வையுங்கள். அவர்கள் முன்னால் பிரிக்கக்கூடாது.

ஊரிலிருந்து கொண்டுபோவதற்குப் சின்ன ஓலைப்பெட்டியில் வரும் பனங்கட்டிக் குட்டானை விடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. எட்டுக் குட்டான், சிவப்புத் தாளில். மணிக்கூடு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்: ‘மணிக்கூடு கொடுப்பது’ என்பதைச் சீனத்தில் சொன்னால், ஒருவரைக் கடைசியாக வழியனுப்புவதுபோலக் கேட்கும்.

புறப்படும்போது சம்பந்தியம்மா உங்கள் கையில் இரண்டு தோடம்பழங்களைத் திணிப்பார். கொண்டுபோனதைத் திருப்பித் தருகிறாரே என்று நான் முதல் தடவை வீடு வரும்வரை மனம் நொந்துகொண்டு இருந்தேன். அதுதான் அவர்களுடைய மரியாதை. வாங்கிக்கொண்டு வாருங்கள்.