நுஜாபெஸ் பாணியில் ஒரு ஜாஸ் பீட்: முதல்முறை செய்பவர்களுக்கு

டோக்கியோவைச் சேர்ந்த இசைத் தயாரிப்பாளர் செபா ஜுன், தன் பெயரை ரோமன் எழுத்தில் பின்னாலிருந்து படித்து 'நுஜாபெஸ்' ஆனவர். 2010இல் சாலை விபத்தில் இறந்துபோனார். 2003இல் வந்த அவருடைய 'மெட்டஃபோரிகல் மியூசிக்' ஆல்பத்தில் ராப்பும் உண்டு, பேச்சே இல்லாத டிராக்குகளும் உண்டு. 'தி ஃபைனல் வியூ' இரண்டாவது வகை. 1961இல் ஜாஸ் கலைஞர் யூசெஃப் லத்தீஃப் ஓபோ என்ற ஊதுகுழல் வாத்தியத்தில் வாசித்துப் பதிவுசெய்த 'ஸ்பார்ட்டகஸ்' படத்தின் காதல் மெட்டுதான் அதன் அடித்தளம். திரும்பத் திரும்ப வந்தாலும் அலுக்காததற்குக் காரணம், சுற்றுவது மனிதர் வாசித்த துண்டு என்பதுதான். அழுத்தமும் நேரமும் அதில் ஒரே சீராக இருப்பதில்லை. நாம் சேர்க்கும் டிரம்ஸ் அந்த ஏற்ற இறக்கத்தை மூடிவிடக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

எந்த மியூசிக் சாஃப்ட்வேரும் போதும். பழைய ரெக்கார்டிலிருந்து வெட்டி வெளியிட வேண்டுமானால் இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, மெட்டின் உரிமையாளரிடம் ஒன்று. அதனால் சாம்பிளை, அதாவது திரும்பத் திரும்பச் சுற்றப்போகும் அந்தத் துண்டை, நாமே வாசித்துக்கொள்வோம்.

முதல் படி, சாம்பிள். டெம்போ 85, அதாவது நிமிடத்துக்கு 85 தட்டு. எலெக்ட்ரிக் பியானோ ஒலியில், நடு சி-க்குச் சற்றுக் கீழே தொடங்கி, எஃப், ஏ, சி, ஈ ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) வாசியுங்கள். அடுத்த இரண்டு பாருக்கு சி-யை மட்டும் பி-க்கு இறக்குங்கள். மற்ற மூன்று விரலும் நகர வேண்டாம். அடியில் டி, பிறகு ஜி என்று பேஸ் வந்தால் இவை டி மைனர் 9, ஜி 13 என்ற ஜாஸ் கார்டுகள் ஆகிவிடும். குவாண்டைஸ் (ஸ்வரங்களைத் தாளக் கட்டத்தில் சரியாக நிறுத்தும் வசதி) போடாதீர்கள். இந்தத் துண்டின் உயிரே சற்று முன்பின்னாக விழும் விரல்களில்தான் இருக்கிறது. இதை ஆடியோவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி, வேகம். சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும் டைம்-ஸ்டிரெட்ச் வேண்டாம், டேப்பை வேகமாகச் சுழற்றுவதுபோல் சுருதியையும் வேகத்தையும் சேர்த்து ஒரு செமிடோன் (அரை ஸ்வரம்) ஏற்றுங்கள். ஒரு செமிடோன் என்றால் ஏறக்குறைய 5.95 சதவீதம், 85 ஆனது 90ஐத் தொட்டுவிடும். பிராஜெக்ட் டெம்போவை 90 என்று வையுங்கள். நான்கு பார் என்பது 10.67 விநாடி. ஏற்றிய துண்டு அதைவிட 6 மில்லி விநாடி குறைவாக இருக்கும், எனவே வெட்டும்போது கடைசி ஒலியின் வாலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டுங்கள். துண்டு முடிந்து மீண்டும் தொடங்கும் இடத்தில் 'டிக்' என்று கேட்டால் ஒலி அலை பூஜ்யத்தில் இல்லாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். 3 மில்லி விநாடி ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவது) போட்டால் போய்விடும்.

பிறகு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஃபில்டரில் எடுத்துவிடுங்கள். அது பேஸின் இடம்.

அடுத்தது டிரம்ஸ். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஒரு பாரில் 16 கட்டங்கள்: கிக் (அடிமுரசு) 1, 8, 11இல், ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் டிரம்) 5, 13இல், ஹை-ஹேட் (ஜோடித் தாளத்தட்டு) ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும். ஹேட்டின் அழுத்தத்தை (127க்கு) 95, 60 என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். இப்போது 16ஆம் பாக ஸ்விங்கை 56 சதவீதமாக வையுங்கள். ஹேட்டில் ஒரு மாற்றமும் தெரியாது! காரணம் எளிது: அந்த ஸ்விங் இரட்டைப்படைக் கட்டங்களை மட்டுமே தள்ளும், அங்கே உங்கள் ஹேட் இல்லை. 8ஆம் கட்டத்துக் கிக் மட்டும் 20 மில்லி விநாடி பின்னால் போயிருக்கும். 10, 16ஆம் கட்டங்களில் 30க்கு மேல் போகாத அழுத்தத்தில் மெல்லிய ஸ்நேர் தட்டல் சேருங்கள். உடனே தாளம் நொண்டாமல் அசையத் தொடங்கும். ஸ்விங்கை 66 வரை கொண்டுபோனால் தள்ளல் 53 மில்லி விநாடியாகி, நடை வேறாகிவிடும். நமக்கு 54 முதல் 58 போதும்.

பேஸ் சேர்க்கும்போது 'எல்லாம் சரியாத்தானே வாசிச்சேன், ஏன் அபஸ்வரமா இருக்கு?' என்று தோன்றினால், இரண்டாவது படியை மறந்துவிட்டீர்கள். சாம்பிள் ஒரு செமிடோன் ஏறிவிட்டது. இனி டி அல்ல டி ஷார்ப், ஜி அல்ல ஜி ஷார்ப். ஸ்வரம் குறைவாக, நீளமாக இருக்கட்டும். கிக் விழும் இடங்களில் பேஸை 3 டெசிபல் இறக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளாது.

வினைல் கரகரப்பைத் தேடி இன்னும் அலையாதீர்கள். அது ஊறுகாய், முதலில் சோறு வேகட்டும்.

அமைப்புக்கு மெனக்கெட வேண்டாம். சாம்பிள் மட்டும் நான்கு பார், பிறகு டிரம்ஸ், எட்டு பார் கழித்து பேஸ். ஒவ்வொரு எட்டாவது பாரின் கடைசித் தட்டிலும் டிரம்ஸை நிறுத்துங்கள். அந்த 667 மில்லி விநாடி வெறுமையில்தான் பியானோவின் வால் காதில் விழும்.

மாஸ்டரின், அதாவது எல்லாம் கலந்த இறுதி ஒலியின், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் எக்ஸ்போர்ட் செய்து, போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பேஸைக் காணோம் என்றால் அதன் சத்தத்தைக் கூட்டாதீர்கள், லேசாக சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றுச் சிதைத்து மேல் ஸ்வரங்கள் சேர்ப்பது) போடுங்கள். 78 ஹெர்ட்ஸில் இருக்கும் டி ஷார்ப்புக்கு 156, 233 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் மேல் ஸ்வரங்கள் வலுவாகும். அவற்றில் உயர்ந்தவற்றைப் போன் ஸ்பீக்கரால் ஒலிக்க முடியும்.