யூதத் தோழருடன் ஒரு வார இறுதி: கேமராவை எப்போது வைப்பது, எப்போது எடுப்பது

அமெரிக்கக் கல்லூரியில் உங்கள் அறைத்தோழரோ வகுப்புத் தோழியோ யூதராக இருந்தால், வெள்ளிக்கிழமை இரவு உணவுக்கு வரும்படி ஓர் அழைப்பு விரைவில் வந்துவிடும். வழிபாட்டில் தொடங்கும் அந்த அழைப்பு, சனி இரவு நடனம், ஞாயிறு காலைத் தொண்டு என்று நீளும்போது, புகைப்பட ஆர்வம் உள்ளவருக்கு எல்லாவற்றையும் படமெடுத்துவிட வேண்டும் என்றே தோன்றும். பாஸ்டனை அடுத்த வால்தம் நகரில், பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கேமராவை எப்போது உறைக்குள் வைப்பது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

யூதர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும் வேளையில். ஓய்வு நாளான ஷபாத், வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வானில் மூன்று விண்மீன்கள் தெரியும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் நீடிக்கிறது. சூரியன் மறைவதற்கு 18 நிமிடங்களுக்கு முன்பே மெழுகுவத்திகளை ஏற்றிவிடுவது பரவலான வழக்கம். பாஸ்டன் பகுதியில் செப்டம்பர் தொடக்கத்தில் அந்த நேரம் மாலை 7 மணியை ஒட்டி வரும். டிசம்பர் நடுவில் 4 மணிக்கு முன்பே வந்துவிடும். ஆகவே எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அந்தந்த வாரம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை விரிப்பு, துணியால் மூடிய இரண்டு ஹல்லா ரொட்டிகள், இன்னும் ஏற்றாத மெழுகுவத்திகள் ஆகியவற்றைப் படமெடுக்க விரும்பினால், முன்கூட்டியே சென்று, அனுமதி பெற்று எடுத்துவிடுங்கள். விளக்கேற்றுபவர் கைகளால் ஒளியை மும்முறை தம்மை நோக்கி அழைத்துக் கண்களை மூடிக்கொள்ளும் அந்தக் கணத்தில் உங்கள் கேமரா பைக்குள் இருக்க வேண்டும்.

ஓய்வு நாளில் செய்யக்கூடாதவை என்று 39 வகை வேலைகளை யூத மரபு வகுத்திருக்கிறது. எழுதுதல், தீ மூட்டுதல், தீயை அணைத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். மரபை முழுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் மின்விளக்கு, கைபேசி, கேமரா எதையும் இயக்குவதில்லை. சீர்திருத்த மரபைச் சேர்ந்த சிலர் கைபேசியைப் பயன்படுத்தலாம். ஆயினும் பொது இடத்தில் விருந்தினர் அதை எடுக்காமல் இருப்பதே முறை. முதல் முறை சென்றபோது, வீட்டுப் பழக்கத்தில் கழிவறை விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். அதை மீண்டும் போடும்படி ஒரு யூதர் பிறரிடம் நேரடியாகக் கேட்பதும் மரபில் தடுக்கப்பட்டது என்பதால், அன்று இரவு முழுவதும் அந்த அறை இருட்டாகவே இருந்தது. சுவிட்சின் மேல் ஒட்டுநாடா ஒட்டியிருப்பதைக் கண்டால் அதைத் தொடாதீர்கள். ஒட்டாமல் இருந்தாலும் எரிவது எரியட்டும் என்று விட்டுவிடுங்கள்.

வழிபாட்டுக்கு அடக்கமான உடை போதும். ஆண்கள் தலையில் கிப்பா என்னும் சிறு தொப்பியை அணிய வேண்டும். அது வாசலிலேயே கிடைக்கும். தோளில் போர்த்தும் தொழுகைச் சால்வை யூதர்களுக்கு உரியது, அதை எடுக்க வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் எனப்படும் பழமைவாத மரபில் ஆண்களும் பெண்களும் தடுப்பின் இருபுறமும் தனித்தனியே அமர்வார்கள். எபிரெய வழிபாட்டு நூல் வலமிருந்து இடமாகத் திறக்கும். வெள்ளி மாலை வழிபாட்டில், ஷபாத்தை மணமகளாக வரவேற்று 16ஆம் நூற்றாண்டில், இன்றைய இஸ்ரேலில் உள்ள சஃபேத் நகரில் இயற்றப்பட்ட பாடல் ஒன்று உண்டு. அதன் கடைசிக் கண்ணியில் அனைவரும் வாசலை நோக்கித் திரும்பி வணங்குவார்கள். நீங்களும் எழுந்து திரும்பி நின்றால் போதும். பிராண்டைஸில் யூத, கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் வழிபாட்டுக்கூடங்கள் மூன்றும் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழாதபடி 1955இல் அமைக்கப்பட்டவை. அங்கே வேற்றுச் சமயத்தவனாக உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கூச்சம் இருந்ததில்லை.

உணவு மேசையில் சற்று நிதானம் தேவை. திராட்சை மது மீது வாழ்த்துச் சொன்ன பிறகு எல்லோரும் எழுந்து, இரண்டு கைப்பிடிகள் கொண்ட குவளையால் கைகளில் மாறி மாறி நீர் ஊற்றிக் கழுவுவார்கள். அதன்பின் ரொட்டியைப் பிட்டு உண்ணும்வரை யாரும் பேசமாட்டார்கள். ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று எண்ணி நீங்கள் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். மதுவை நீங்களாக எடுத்து மற்றவர்களுக்கு ஊற்றாதீர்கள். யூதரல்லாதவர் கையாண்ட மதுவைச் சிலர் அருந்துவதில்லை. அன்பளிப்பாக, யூத உணவு விதிகளுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் கோஷர் முத்திரை உள்ள, பிரிக்கப்படாத இனிப்புப் பெட்டியைக் கொண்டு செல்லலாம். நம் வீட்டு முறுக்கை எவ்வளவு ஆசையாகச் சுட்டாலும் அந்தச் சமையலறைக்குள் அதற்கு இடமில்லை. இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணக்கூடாது என்பதால், இறைச்சி பரிமாறும் விருந்தில் தயிரோ நெய்யோ கிடைக்காது. சைவ உணவுக்காரர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: பார்வே என்று குறித்த உணவில் இறைச்சியும் பாலும் இல்லை என்பதே பொருள், முட்டையோ மீனோ இருக்கலாம். ஹல்லா ரொட்டியிலும் பெரும்பாலும் முட்டை உண்டு.

சனி காலை தோரா என்னும் மறைநூல் வாசிப்பும் அதன்பின் நண்பகல் உணவும் பாட்டும் உறக்கமுமாகப் பொழுது போகும். இரவானதும் ஹவ்தாலா என்னும் பிரிவுச் சடங்கு நடக்கிறது. மது, நறுமணப் பொருள், பல திரிகளை முறுக்கிச் செய்த மெழுகுவத்தி ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். நறுமணப் பெட்டி கைக்குக் கை மாறி வரும்போது திறந்து பாருங்கள், உள்ளே இருப்பது நம் கிராம்பும் பட்டையும்தான். சுடருக்கு எதிரே விரல்களை மடக்கி, நகத்தின் மேல் விழும் ஒளியைப் பார்ப்பார்கள். கடைசியில் மெழுகுவத்தியை மதுவில் அமிழ்த்தும்போது எழும் "ஸ்ஸ்" என்ற ஓசையே நீங்கள் கேமராவை எடுப்பதற்கான அடையாளம்.

சற்று நேரத்தில் மேசைகள் ஓரங்கட்டப்பட்டு நடனம் தொடங்கும். பெரும்பாலும் கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டங்கள். 1937இல் நஆன் என்ற கிபுட்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) நீர் கிடைத்த மகிழ்ச்சியை ஒட்டி அமைந்த "மாயிம்" ஆட்டத்தில் முதலில் சேருங்கள். மாயிம் என்றால் நீர். வலது காலை இடது காலுக்கு முன்னே குறுக்காக வையுங்கள், இடது காலை இடப்புறம் நகர்த்துங்கள், வலது காலைப் பின்னே குறுக்காக வையுங்கள், மறுபடி இடது கால் இடப்புறம். இந்த நான்கு அடிகளே வட்டத்தைச் சுழற்றுகின்றன. பிறகு கைகளை உயர்த்தியபடி நடுவை நோக்கி நான்கு அடி ஓடித் திரும்ப வேண்டும். கும்மி அடித்துப் பழகியவருக்குத் தாளம் உடனே பிடிபடும். பழமைவாதக் குழுக்களில் ஆண், பெண் வட்டங்கள் தனித்தனியாக இருக்கும். ஓர் ஆட்டமாவது ஆடிய பிறகு படமெடுங்கள், கால்கள் எப்போது எழும் என்பது அப்போதுதான் தெரியும். ஷட்டர் வேகம் 1/250, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கலாம். சுழற்சியே தெரிய வேண்டுமானால் 1/15க்கு இறக்கிக் கேமராவை அசையாமல் பிடியுங்கள். பிளாஷ் வேண்டாம்.

ஞாயிறு காலை உணவு வங்கியில் தொண்டு. 1966 முதல் இயங்கும் வால்தம் குரூப் போன்ற மாணவர் அமைப்புகள் இத்தகைய பணிகளை ஒருங்கிணைக்கின்றன. தகர டப்பாக்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள், விளிம்புத் தையலில் நசுங்கியவற்றையும் உப்பியவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். கொடையைக் குறிக்கும் எபிரெயச் சொல்லான செதாக்கா, நீதி என்ற வேரிலிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவர் தம் காலில் தாமே நிற்க உதவுவது முதற்படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பது அதற்கு அடுத்த படி. அந்த இரண்டாம் படியைப் புகைப்படக்காரர் மனத்தில் கொள்ள வேண்டும். பெறுபவரின் முகத்தை எடுக்காதீர்கள். டப்பாவைத் திருப்பித் தேதி தேடும் விரல்களையும், அடுக்கிய பெட்டிகளையும், வியர்த்த தோழரின் முதுகையும் எடுங்கள்.

படங்களைத் தேர்ந்தெடுத்துத் தோழரிடம் முதலில் காட்டுங்கள்; அவர் வேண்டாம் என்பதை நீக்கிவிடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன்பே அவற்றை அனுப்பிவிடுவது நல்லது, அதன்பின் அனுப்பினால் சனி இரவுவரை அவர் திறந்து பார்க்க மாட்டார்.