மலை ரயில் ஏறும் முன் புதுப் பாட்டுகளை இறக்கி வையுங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரும் மலை ரயில் 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், நடுவில் 16 சுரங்கங்கள், கல்லாறு தாண்டிவிட்டால் சிக்னல் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். அதனால் கீழே இருக்கும்போதே பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எல்லோரும் கேட்கிற சினிமாப் பாட்டாக இல்லாமல், பெயர் அதிகம் தெரியாத குழுக்களின் பாட்டாக இருக்கட்டும். வாத்திய இசை பிடிக்கும் என்றால் சென்னையின் ஜடாயுவிலிருந்து தொடங்குங்கள், கர்நாடக இசையையும் ராக்கையும் அவர்கள் கலக்கும் விதம் இந்த மலைப்பாதைக்கு அப்படிப் பொருந்தும். தமிழ் வரிகள் வேண்டுமா, குரங்கன் என்ற குழு இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம், பாட்டைப் பாதியில் தள்ளிவிடாதீர்கள். ஸ்பாட்டிஃபை செயலியில் 30 விநாடியாவது ஓடினால்தான் அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது, சின்னக் குழுவுக்கு நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும் பெரிசு. சிக்னல் இல்லாமல் இறக்கி வைத்துக் கேட்ட பாட்டும், குன்னூரில் சிக்னல் கிடைத்ததும் கணக்கில் சேர்ந்துவிடும். குழுக்கள் தங்கள் பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் காசு கொடுத்து வாங்கினால் இன்னும் நல்லது, பெரும் பங்கு நேராகக் குழுவுக்கே போகும்.

நண்பருக்குச் சொல்லும்போது இருபது பாட்டை அனுப்பாதீர்கள், யாரும் திறக்கமாட்டார்கள். ஒன்றே ஒன்று அனுப்புங்கள், எந்த நிமிடத்தில் அது சூடு பிடிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.