வீடு மாறும்போது ஹை-ஃபை செட்: ஆசாரி அளவெடுக்க வரும் முன்

வீடு மாறி ஒரு மாதம் ஆனதும் கிளம்பும் புலம்பல் எப்போதும் ஒன்றுதான். "பழைய வீட்டில் எவ்வளவு தெளிவாகப் பாடிய செட்! இங்கே பேஸ் மட்டும் குமுறுகிறது, பாட்டு வரி காதில் விழவே மாட்டேன் என்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போய்விட்டதா?" இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. அறை மாறிவிட்டது, அவ்வளவுதான். சின்ன அறைகளில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியில், நாம் கேட்பதை ஸ்பீக்கரைவிட அறைதான் அதிகம் தீர்மானிக்கிறது.

ட்வீட்டரில் (ஸ்பீக்கரில் மேல் சுரத்தைத் தரும் சின்னப் பகுதி) விரல் படக் கூடாது, ஆம்பைத் தலைகீழாக வைக்கக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

டிவி யூனிட்டில் ஸ்பீக்கருக்குப் பொந்து

பணத்தையும் தின்று ஒலியையும் கெடுப்பதில் இதற்கு இணையே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை.

புது ஃப்ளாட் என்றால் பால் காய்ச்சும் முன்பே மர வேலை தொடங்கிவிடுகிறது. ஆசாரி ஸ்பீக்கரை அளக்கிறார்: உயரம் 14 இன்ச், அகலம் 8, ஆழம் 11. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில், சுற்றிலும் அரை இன்ச் மட்டும் விட்டு, டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொந்து. வயர் சுவருக்குள் போகிறது, மேலே பளபளவென்று லாமினேட். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். பாட்டைப் போட்டால் பாடகர் பீப்பாய்க்குள் நின்று பாடுவது போலக் கேட்கும்.

காரணம் நாலு. முதலாவது, பல ஸ்பீக்கர்களில் காற்றுத் துளை பின்பக்கம் இருக்கிறது. கீழ் சுரத்தின் ஒரு பகுதி அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். துளையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது பின்னால் இடம் வேண்டும். இரண்டு இன்ச் துளை என்றால் குறைந்தது நாலு இன்ச். பொந்தில் ஒரு இன்ச்கூட மிஞ்சாது. இரண்டாவது, சுற்றியுள்ள பிளைவுட்டும் சேர்ந்து அதிர்ந்து, ஸ்பீக்கருக்கு வெளியே இன்னொரு பெட்டியாகிவிடுகிறது.

மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. திறந்த இடத்தில் நிற்கும் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி பின்பக்கமாகவும் வளைந்து பரவும், அதனால் முன்னால் அதன் அளவு குறையும். இதற்கு ஈடாகப் பல தயாரிப்பாளர்கள் உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர் என்ற ஒலி பிரிக்கும் சுற்றிலேயே அந்தப் பகுதியைச் சில டெசிபல் உயர்த்தி வைத்திருப்பார்கள். அதே ஸ்பீக்கரைச் சுவரோடு சுவராகப் பதித்தால் சுவரும் தன் பங்குக்கு உயர்த்தும். ஒரே திருத்தம் இரண்டு முறை விழுகிறது. ஸ்டுடியோக்களிலும் ஸ்பீக்கரைச் சுவரில் பதிக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் இடைவெளியே இல்லாமல் கனமான சுவரில் பதித்து, அதற்கேற்ப ஒலியையும் திருத்துகிறார்கள். ஆசாரி வெட்டும் பொந்தில் இது எதுவும் கிடையாது.

நாலாவது உயரம். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 36 முதல் 40 இன்ச் உயரத்தில் இருக்கும். பொந்தோ பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று நாலரை, ஐந்து அடியில் வைக்கப்படுகிறது. வூஃபரும் (கீழ் சுரத்தைத் தரும் பெரிய பகுதி) ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் 2,000–3,000 ஹெர்ட்ஸ் பகுதி, காது ஸ்பீக்கரின் நேர்கோட்டை விட்டு மேலும் கீழும் விலகினால் பள்ளமாகிவிடும். பேச்சின் தெளிவு இருப்பதே அங்கேதான்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் வேதனை. குமுறலைப் போக்க வேறு ஸ்பீக்கர் வாங்குகிறார்கள், அது பொந்துக்குள் நுழையவில்லை. நுழைகிற ஸ்பீக்கராகத் தேடி வாங்குகிறார்கள், அதுவும் அப்படியே குமுறுகிறது. அடுத்து ஆம்ப், அதற்கடுத்து கேபிள். பொந்தை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை, அதற்குத்தான் முதலிலேயே பெரும் பணம் போய்விட்டதே!

ஏற்கெனவே செய்து முடித்திருந்தால், ஸ்பீக்கரின் முகம் யூனிட் விளிம்போடு சமமாகவோ ஒரு இன்ச் வெளியிலோ நிற்கும்படி முன்னால் இழுங்கள். பக்கங்களிலும் பின்னாலும் இருக்கும் சந்தில், துணியில் சுற்றிய ராக்வூலை (ஒலியை உறிஞ்சும் கனிமப் பஞ்சு) அடையுங்கள். காற்றுத் துளைக்கு ஃபோம் அடைப்பு, அடியில் ரப்பர் பேட், ஆம்பில் பேஸ் ஓரிரு புள்ளி குறைவு. பாதி சரியாகும். முழுதாகச் சரியாக வேண்டுமென்றால் பொந்தில் புத்தகங்களை அடுக்கிவிட்டு ஸ்பீக்கரை ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள்.

ஸ்டாண்டுக்குப் பெரிய செலவு இல்லை. உங்கள் காது உயரம் 38 இன்ச், ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டர் 11 இன்ச் என்றால் ஸ்டாண்ட் 27 இன்ச். பக்கத்து வெல்டிங் பட்டறையில் மூன்று இன்ச் சதுர எம்.எஸ். (இரும்பு) பைப்பில் செய்து தருவார்கள். பைப்புக்குள் நன்றாகக் காயவைத்த மணலை நிரப்பி வாயை அடைத்துவிடுங்கள். தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் 'தொம்' என்று அடங்க வேண்டும். ஈர மணல் போட்டால் உள்ளேயே துருப்பிடிக்கும்.

அறையை அளக்காமல் சோபாவைப் போடுவது

10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. நம் ஊர் ஃப்ளாட்டுகளில் சகஜமான அறை. 565-ஐ அடிக்கணக்கால் வகுத்தால் அந்தச் சுவர்களுக்கு இடையே எந்த ஹெர்ட்ஸ் தேங்கி நிற்கும் என்று தெரியும். 12 அடிக்கு 47. 10 அடிக்கு 56.5. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 56.5 இரட்டிப்பாகத் தேங்குகிறது. பேஸ் கிடாரில் ஒரு சுரம் மட்டும் எகிறிக் குதிப்பது இதனால்தான்.

இந்த அறையில் இப்படித் தொடங்குங்கள். ஸ்பீக்கர்கள் 10 அடிச் சுவர்ப் பக்கம், முகம் சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால், பக்கச் சுவர்களிலிருந்தும் இரண்டரை அடி. அப்போது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 5 அடி இருக்கும். தலை பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி இருக்க வேண்டும். நீளத்தில் 38 சதவீதம் என்பது அந்தக் கணக்கு. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் ஏறக்குறைய ஐந்தரை அடி வரும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் தேங்கிய பேஸ் முழுக்க உங்கள் தலையில்தான் கொட்டும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் அதே 47 ஹெர்ட்ஸ் காணாமல் போகும்.

பிறகு அரை அடி முன்னே பின்னே நகர்த்திக் கேளுங்கள். தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசாரியைக் கூப்பிடும் முன் இரண்டு வாரம் இப்படியே ஓடட்டும். லேப்டாப் இருந்தால் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு யுஎஸ்பி அளவீட்டு மைக்கும் போதும், 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையுள்ள மேடு பள்ளம் கண்ணுக்கே தெரியும்.

முட்டை அட்டை, ஒரு இன்ச் ஃபோம்

சுவரில் ஒட்டினாலும் பேஸை அது தொடவே தொடாது. ட்ரெபிளை (மேல் சுரத்தை) மட்டும் தின்றுவிட்டு, குமுறலை அப்படியே விட்டுவைக்கும்.

விட்ரிஃபைட் டைல்ஸ் தரையில் கை தட்டினால் 'டிர்ர்' என்று ஒரு எதிரொலி வரும். அதற்கு ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவே 5க்கு 7 அடியில் தடித்த கம்பளம் போடுங்கள். பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் புள்ளியில் புத்தக அலமாரியோ கனத்த திரையோ இருக்கட்டும். பேஸுக்கு மூலைகளில் நாலு இன்ச் தடிமன் ராக்வூல் பலகை, தூசு பறக்காமல் துணி சுற்றி.

பெரிய ஹாலுக்குப் போகிறவர்கள்

இங்கே பிரச்சினை தலைகீழ். ஹாலும் டைனிங்கும் ஒன்றாகத் திறந்து கிடக்கும், பேஸ் மெலிந்துவிடும். உடனே பெரிய ஆம்ப் தேடுவார்கள். ஆறு அடியிலிருந்து பன்னிரண்டு அடிக்குத் தள்ளி உட்கார்ந்தால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும், அதை ஈடுகட்ட நாலு மடங்கு வாட்ஸ் வேண்டும். சோபாவை முன்னால் இழுத்தால் அந்தச் செலவு மிச்சம்.

சுவருக்குள் மெல்லிய வயர்

கன்சீல்டு பைப்பில் எலெக்ட்ரீஷியன் கையில் இருந்த வயரைச் செருகிவிடுவார். 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டர். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பில் மின்தடை ஏறக்குறைய 0.46 ஓம், 2.5-ல் 0.14 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் ஸ்பீக்கர் வயரைச் சேர்த்து விடவே கூடாது.

பிளக்கின் எர்த் முனையை உடைத்து ஸ்பீக்கர் உறுமலை நிறுத்துவது

உயிர் போகும்.

எல்லாக் கருவிகளையும் ஒரே பாயின்டில் செருகிப் பாருங்கள். டிஷ் கேபிளைக் கழற்றினால் உறுமல் நிற்கிறதா என்று பாருங்கள். கரன்ட் போனபோது மட்டும் ஆம்ப் ரீங்கரித்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வேலை, ஆம்பின் கோளாறு இல்லை.

சிவப்பு, கறுப்பு

ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் இந்த இரண்டு வயர் முனைகளையும் மாற்றிக் கொடுத்தால் பேஸ் மறையும், நடுவில் நிற்க வேண்டிய குரல் அறை முழுக்கச் சிதறும்.

கதவு வைத்த அலமாரிக்குள் ஆம்ப்

மே மாதம் தாங்காது. மேலே நாலு இன்ச் விடுங்கள், கதவைக் கழற்றுங்கள்.

டர்ன்டேபிளை அப்படியே தூக்குவது

கவுன்டர்வெயிட்டையும் (ஊசிக் கையின் பின்னால் இருக்கும் எடை) பிளாட்டரையும் (இசைத்தட்டு சுழலும் வட்டு) கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஊசிக்கு மூடி போட்டு, டோன்ஆர்மை (ஊசிக் கையை) கட்டிவிடுங்கள். புது இடத்தில் ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த பிறகு ஊசி தட்டில் அழுந்தும் எடையைப் புதிதாக அமைக்க வேண்டும். ஊசித் தலை ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். ஸ்பீக்கர் நிற்கும் அதே மேசையில் டர்ன்டேபிளை வைத்தால் ஒலியைக் கூட்டக் கூட்ட ஊளையிடும். எல்பி தட்டுகளை நிமிர்த்தித்தான் அடுக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மணி நேரம் போதும், தட்டு வளைந்துவிடும்.

கடற்கரைப் பக்கம் குடிபோகிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர் உப்புக் காற்றில் வெறும் செம்பு முனை பச்சை பூத்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை கறுத்த நுனியை நறுக்கி, ஒரு சென்டிமீட்டர் புதுச் செம்பு தெரியச் சீவி முறுக்குங்கள். ஸ்பீக்கர் வயரை ஆரம்பத்திலேயே அரை மீட்டர் கூடுதலாக விட்டிருந்தால் இதற்குத் தட்டுப்பாடு வராது.